முன் அனுபவம்

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்: முன் அனுபவம்.
எழுதினேன்:
கடலூர் சில்வர் பீச், வயது ஆறு,
ஒரு சுற்றுக்கு முப்பது ரூபாய்.
பாதிச் சுற்றிலேயே அழுது இறங்கியதையும்
மீதிப் பதினைந்தை அப்பா
வாதாடித் திரும்ப வாங்கியதையும்
எழுதவில்லை.
கட்டம் சிறியது.

காலாப்பட்டில் இறங்கி
சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மைதானம்.
காலை ஐந்தேமுக்கால்.
கடல் தெரியாது, சத்தம் மட்டும் வரும்,
பக்கத்து அறையில் யாரோ
ஈரப் புடவை உதறுவதுபோல.

பதினோரு பேர் வந்திருந்தோம். இடம் இரண்டு.
ஒருத்தி சொந்த பூட்ஸோடு வந்திருந்தாள்,
ஊட்டியில் படித்தவளாம்.
என்னுடையது என்.சி.சி. தோழியிடம் இரவல்;
பெரிதாயிருந்ததால்
இரண்டு ஜோடி காலுறை.
தலைக்கவசத்துக்குள்
எனக்கு முன்னால் விழுந்த எல்லோருடைய
தேங்காயெண்ணெய்.

குதிரையின் பெயர் மெர்சி.
கிண்டியில் ஒன்பது பந்தயம் ஓடி
ஒன்பதிலும் கடைசிக்கு முந்தியவள்.
கேப்டன் எவாஞ்சலின் இதைச் சொன்னபோது
மெர்சி காதைப் பின்னுக்கு மடக்கினாள்.
எனக்கு உடனே பிடித்துப்போனது.
ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று
என் காதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஏற மூன்று முயற்சி.
மூன்றாவதில் வாஹித், இரண்டாம் ஆண்டு இயற்பியல்,
முழங்காலுக்குக் கீழே கைகொடுத்துத்
தூக்கி வைத்தான், கேஸ் சிலிண்டரைப் போல.

மேலே,
இதை எப்படிச் சொல்வது,
மாடியென்று நினைத்து ஏறினால்
மாடி மூச்சு விடுகிறது.

"கடிவாளம் என்ன பஸ் கம்பியா?" என்றாள் கேப்டன்.
ஏழு வருடம் வில்லியனூர் பஸ்ஸில்
நின்றே வந்த கை இது.
தளர மறுத்தது.

முதல் வட்டம் நடை. இரண்டாவது துள்ளோட்டம்.
அவள் எழும்போது நான் விழுந்தேன்,
அவள் விழும்போது நான் எழுந்தேன்,
பல்லும் பல்லும் தந்தியடித்தன.
எங்கோ ஆறேழு அடிகளுக்கு மட்டும்
இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தோம்.
யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வட்டத்தில்
தரையில் கிடந்த மூங்கில் கழியருகே
மெர்சி நின்றாள்.
நான் நிற்கவில்லை.

மணல் ஈரமாயிருந்தது.
வாயில் உப்பும் கொஞ்சம் சாணியும்.
நிமிர்ந்து பார்த்தால் அவள்
கழியைத் தாண்டாமலே கழுத்தை நீட்டி
என் கழன்ற பூட்ஸை மோந்துகொண்டிருந்தாள்.
காலுறை ஒன்றைத் தின்றிருக்கவும் கூடும்.
வீட்டுக்கு மூன்றுதான் திரும்பின.

பட்டியலில் ஊட்டிக்காரி முதல்.
மூன்றாவதாக வே. நிறைமதி, பக்கத்தில்
சிவப்பு மையில்: மாற்று.
"மாற்று என்றால்?"
"யாராவது விழுந்தால் நீ ஏறுவாய்.
அதுவரை லாயம் கூட்டுவாய்"
என்று மண்வெட்டியைக் கண்ணால் காட்டினாள் எவாஞ்சலின்.

பஸ்ஸில் இடமிருந்தும் உட்கார முடியவில்லை.
மீன்காரம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து,
மூக்கைச் சுளித்து,
தன் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

கடையில் அப்பா
ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.
ஒப்புதல் படிவத்தை நீட்டினேன்.
'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியை
இரண்டு தடவை படித்தார்.
என் நடையைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார்.
"எத்தனை ஹெச்.பி.?"
"ஒண்ணு."
"சுவிட்ச்?"
"தேடிக்கிட்டிருக்கேன்."

கையெழுத்துப் போட்டார்.
தாளின் ஓரத்தில் வார்னிஷ் பழுப்பில்
ஒரு பெருவிரலும் விழுந்தது.
பிறகு, செம்புக் கம்பியிலிருந்து கண்ணெடுக்காமல்,
"அன்னைக்கு அந்தப் பதினஞ்சு ரூபாயை
நான் வாங்கியிருக்கக் கூடாது" என்றார்.

நாளை நாலே முக்காலுக்கு முதல் பஸ்.
கொடியில் மூன்று காலுறைகள்,
இன்னும் காயவில்லை.